புலித்தோலில் ஒரு துளை

ஜிம் கார்பெட் எழுதிய குமாயுன் ஆட்கொல்லிப் புலிகளின் கதை வங்க மொழியில் வந்தபோது, கல்கத்தாவின் சிக்னெட் பிரஸ் அதற்குப் போட்ட மேலட்டையில் புலியின் முகம் இல்லை. துப்பாக்கி ஏந்திய துரை இல்லை. காடுகூட இல்லை. முன்னட்டை தொடங்கி முதுகு வழியாகப் பின்னட்டை வரைக்கும் ஒரே புலித்தோல். வரி வரியாக விரித்துப் போட்டது போல. முன்பக்கம் தோலில் ஒரு துளை, குண்டு பாய்ந்த இடம். நூலின் பெயர் அந்தத் துளைக்குள்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பினால் பின்னட்டையிலும் ஒரு துளை. அது முன்னதைவிடப் பெரியது.

அந்தப் ‘பெரியது’ என்பதில்தான் என் மனம் நிற்கிறது. குண்டு நுழையும் வாய் சிறுத்திருக்கும். உள்ளே சதையைக் கிழித்துக்கொண்டு வெளியேறும் வாய் அகன்றிருக்கும். வேட்டைக்காரருக்கும் போலீஸ் டாக்டருக்கும் பழகிய விவரம். புத்தகக் கடையில் நின்று புரட்டுகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்? கவனிக்காதவருக்கும் நஷ்டமில்லை, அழகான புலித்தோல் அட்டை கிடைத்துவிட்டது. கவனித்தவருக்கோ புத்தகமே வேறாகிவிடுகிறது. முன்னால் நுழைந்த குண்டு பின்னால் வெளியேறியிருக்கிறது என்றால், நடுவே உள்ள இத்தனை பக்கங்களையும் துளைத்துக்கொண்டுதானே போயிருக்க வேண்டும்? அப்படியானால் கையில் இருப்பது புலியைப் பற்றிய புத்தகம் இல்லை, புலியேதான். சூத்திரம் போட்டு விளக்கினால் செத்துவிடும் யோசனை இது. இரண்டு ஓட்டைகளின் அளவு வித்தியாசத்தில் ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

வரைந்தவர் சத்யஜித் ராய், டி. ஜே. கீமர் என்ற ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தின் கல்கத்தா அலுவலகத்தில் அவர் வேலை பார்த்துவந்த காலத்தில். 1943 ஏப்ரலில், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே, ஜூனியர் விஷுவலைசராக அங்கே சேர்ந்தார். சம்பளம் மாதம் எண்பது ரூபாய். அதே அலுவலகத்தில் இருந்த டி. கே. குப்தா அதே ஆண்டில் சிக்னெட் பிரஸ்ஸைத் தொடங்கினார். பகலில் மாத்திரைக்கும் இன்ன பிற சரக்குக்கும் விளம்பரம். மற்ற நேரத்தில் கவிதை நூலுக்கும் கதை நூலுக்கும் அட்டை. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வை 1946இல் சிக்னெட் வெளியிட்டபோது அதற்கு அட்டை போட்டவரும் இந்த இளைஞரே.

விளம்பர வேலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாலுட்ரின் என்ற மலேரியா மாத்திரைக்கு அவர் செய்த வரிசையைச் சிலாகித்துச் சொல்வார்கள். எனக்கு அது நல்ல வேலை, அவ்வளவுதான். சுவை முழுவதும் புத்தக அட்டைகளில் இருக்கிறது. ஏனென்றால் அங்கே அவர் புத்தகத்தின் மேல் ஒரு படத்தை ஒட்டவில்லை. இந்தப் புத்தகம் ஒரு பொருளாக இருந்தால் எந்தப் பொருளாக இருக்கும் என்று யோசித்து, அந்தப் பொருளையே செய்து கையில் கொடுத்தார். அந்தப் பொருளும் பெரும்பாலும் தெருவிலோ வீட்டிலோ கிடக்கிற ஒன்றாகவே இருந்தது.

அசிந்த்யகுமார் சென்குப்தா ராமகிருஷ்ணரின் வாழ்க்கையை எழுதினார். வேறு எந்த ஓவியராக இருந்தாலும் அந்தத் தாடியையும் பாதி மூடிய கண்களையும் வரைந்து, பின்னால் ஓர் ஒளிவட்டம் வைத்திருப்பார். ராய் எடுத்துக்கொண்டது நாமாவளித் துணியை. கடவுள் பெயர்களை வரிசை வரிசையாக அச்சடித்த மேல்துண்டு அது. வங்காளத்துப் பூசாரிகளும் வைணவர்களும் தோளில் போட்டுக்கொள்வது. நம் கோயில் வாசல்களிலும் ‘ஓம் நமசிவாய’ அச்சடித்த துண்டுகள் தொங்கக் காண்கிறோம், அந்த ஜாதிதான். அந்தத் துணியின் எழுத்துப் பாணியே அட்டையாயிற்று. சாமானியமான துணி, குளித்துவிட்டு வந்த கிழவர் ஒருவர் ஈரத்தோடு போர்த்தியிருப்பார், ஓரம் நைந்திருக்கும். ராமகிருஷ்ணரும் அப்படி எளிதில் நெருங்கக்கூடிய ஆள்தான். பொன்னெழுத்தில் பெயர் பொறித்திருந்தால் அவரைப் பீடத்தில் ஏற்றியிருக்கும். துண்டைப் போர்த்தியதும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படி யோசிக்கிற கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி விடை கார்பார் ரோட்டில் இருக்கிறது. தாத்தா உபேந்திரகிஷோர் அங்கே யு. ராய் அண்ட் சன்ஸ் என்ற அச்சகத்தை நடத்தினார். படங்களைப் புள்ளிகளாக அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் செய்யும் முறையில் அவர் செய்த ஆராய்ச்சி லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளாக வந்தது. 1913இல் ‘சந்தேஷ்’ என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பா சுகுமார் ராய் அச்சுக்கலையை இங்கிலாந்து போய்ப் படித்து வந்தவர். ஆனால் பேரன் பிறந்தபோது தாத்தா இல்லை. பேரனுக்கு இரண்டரை வயது ஆகும்போது அப்பாவும் இல்லை. மிஞ்சியது அச்சகம். அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். அந்த இடைவெளியில் சின்னப் பையன் காகிதத்தில் எதையாவது கிறுக்கி எடுத்துக்கொண்டு பிளாக் பிரிவுக்குப் போவானாம், ‘இது சந்தேஷுக்கு’ என்று நீட்டுவானாம். அங்கிருந்த தொழிலாளி பையனைத் தூக்கிக் கேமராக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் அந்தப் படத்தைக் காட்டுவாராம். இதை ராயே தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். டர்பன்டைன் வாசனை வந்தால் அந்த அறை கண்முன் வந்துவிடும் என்றும் எழுதுகிறார். வரைந்த படம் காகிதத்தோடு முடிவதில்லை, கேமராவுக்குள் போய், பிளாக்காகி, மையேறி, வேறொன்றாகத் திரும்பி வரும் என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே கண்ட பிள்ளை.

மறுபாதி விடை சாந்திநிகேதன். 1940இல் அந்த ஊர்க் கலைப்பள்ளியான கலாபவனத்தில் சேர்ந்தபோது அவருக்கு அங்கே போகப் பெரிய விருப்பமில்லை, நகரத்துப் பிள்ளை. விடுதிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரை முழுக்க வினோத் பிஹாரி முகர்ஜி வரைந்த பீர்பூம் மாவட்டத்துக் கிராமம்: மரம், குளம், வயல், மாடு, பறவை, ஆட்கள். புராணமும் இல்லை, ராஜாவும் இல்லை. ஆசிரியர் நந்தலால் போஸ், மரம் கீழிருந்து மேலே வளர்வதால் தூரிகையும் கீழிருந்து மேலேதான் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர். கேட்பதற்குச் சின்ன விஷயம். மரத்தை மேலிருந்து கீழே இழுத்து ஒரு முறை, கீழிருந்து மேலே இழுத்து ஒரு முறை வரைந்து பார்த்தால் தெரியும்: முதலாவதில் கிளை தொங்கும், இரண்டாவதில் நிமிரும். ஐந்தாண்டுப் படிப்பை முடிக்காமல் 1942 கடைசியில் ராய் வெளியேறிவிட்டார். அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டார் என்றுதான் அட்டைகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

அட்டைகளில் நான் அதிகம் ரசிப்பது எழுத்துகளை. வங்க எழுத்துக்கு ஒரு வசதி உண்டு, தமிழுக்கு இல்லாதது. தலைக்கு மேல் ஒரு கோடு ஓடும். எழுத்துகள் கொடியில் துணி உலர்த்தியது மாதிரி அதிலிருந்து தொங்கும். சோம்பேறிக் கைக்கு அந்தக் கோடு ஒரு சௌகரியம்: நேராக இழுத்துவிட்டுக் கீழே தொங்கவிட்டால் தலைப்பு ஆயிற்று. ராய் அந்தக் கோட்டைச் சும்மா விடமாட்டார். ஓரிடத்தில் தூரிகை அழுந்தித் தடித்து மெலியும். இன்னோரிடத்தில் கோடு அறுந்து எழுத்துகள் தனித்தனியே நிற்கும். வேறோரிடத்தில் வாசலில் அரிசிமாவால் போடும் அல்பனாக் கோலத்தின் வளைவு எழுத்துக்குள் வந்துவிடும். நூலின் குரல் என்னவோ அந்தக் குரலில் எழுத்து பேசும். நம் பக்கம் ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தமிழ்த் தலைப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இன்பம் புதிதல்ல. தலைக்கோடு இல்லாத எழுத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு வேறு, தலைக்கோடு இருந்தும் அதற்கு அடங்காத இவர் பாடு வேறு.

ரோமன் எழுத்துகளிலும் ராய் வடிவங்கள் செய்தார். ராய் ரோமன், ராய் பிஸார் என்று இரண்டு 1971இல் ஒரு சர்வதேசப் போட்டியில் பரிசும் பெற்றன. திறமையான வேலைதான். ஆனால் தாய்மொழி எழுத்தில் தெரிகிற குறும்பு அவற்றில் எனக்குத் தட்டுப்படவில்லை.

கறுப்பு வெள்ளையில் அவர் எதைச் சாதித்தார் என்பதற்கு ‘ஆம் ஆண்டிர் பேன்பு’ போதும். விபூதிபூஷண் வந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யைக் குழந்தைகளுக்காகச் சுருக்கிய பதிப்பு அது. மாங்கொட்டையைத் தேய்த்து ஊதும் ஊதல்தான் தலைப்பு. நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கீதம். 1944 வாக்கில் குப்தா இதற்குப் படம் வரையச் சொன்னபோது ராய் மூலநாவலைப் படித்தே இருக்கவில்லை. யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு. மட்டமான காகிதத்தில் ஹாஃப்டோன் போட்டால் புள்ளிகள் அப்பிக்கொண்டு சாம்பல் சேறாகிவிடும். கோட்டுப்படமோ எந்தக் காகிதத்திலும் நறுக்கென்று விழும். அச்சக வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரச்செதுக்குப் பாணியை எடுத்துக்கொண்டார். தாகூரின் ‘சஹஜ் பாட்’ என்ற பாலபாடத்துக்கு நந்தலால் லினோவில் செதுக்கிய படங்களைப் பார்த்தே எழுத்துப் பழகிய வங்காளக் குழந்தைகளுக்கு அது அந்நியமான பாணியும் அல்ல.

மரச்செதுக்குப் பாணியில் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. ஆகவே முகத்தில் சோகத்தைத் தடவிவிட முடியாது. ஆள் நிற்கிற நிலையில், முதுகின் வளைவில், இரண்டு பேருக்கு நடுவில் விடுகிற இடத்தில்தான் எதையும் சொல்ல வேண்டும். மழையில் அக்காவும் தம்பியும் ஒண்டிக்கொண்டிருக்கும் காட்சியை அவர் வரைந்தார். பத்தாண்டு கழித்துச் சினிமாவாக எடுத்தபோது அது திரையிலும் வந்தது. திரையிலும் அக்கா துர்கா தம்பியை அணைத்துக்கொள்ளும்போது நாம் முகத்தையா பார்க்கிறோம்? நனைந்த முந்தானை அவனையும் மூடுகிறதா என்றல்லவா பார்க்கிறோம். இந்தச் சுருக்கப் பதிப்பே நல்ல படமாகும் என்று ராயிடம் சொன்னவர் குப்தாதான் என்பதையும் குறித்துவைக்கலாம். பதிப்பாளர்கள் இப்படி ஏதாவது சொல்வதுண்டு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

1950இல் கீமர் நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தது அங்கேதான். ஊர் திரும்பும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’க்கான குறிப்புகளைத் தொடங்கிவிட்டார். முழுத் திரைக்கதை என்று ஒன்றை அவர் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மை தோய்த்து வரைந்த படங்கள். காட்சிக்குக் காட்சி, கட்டத்துக்குக் கட்டம். தயாரிப்பாளர்களிடம் கதை சொல்லப் போகும்போது அதைத்தான் விரித்தார். அவர்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்தும் பணம் போடவில்லை. அலுவலக வேலையை விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் படப்பிடிப்பைத் தொடங்கினார்.

பிற்காலத்தில் இதே பழக்கம் சிவப்புத் துணி போர்த்திய கணக்கு நோட்டுகளுக்குள் போயிற்று. கடைக்காரர்கள் வரவு செலவு எழுதும் கேரோர் கத்தா. நம் மளிகைக் கடைகளிலும் புதுக்கணக்குக்குப் பூஜை போட்டுத் தொடங்கும் வகை. வசனத்தின் பக்கத்தில் ஒரு தலைப்பாகை, அதன் கீழே நாற்காலியின் கால், அப்பால் ஒரு நடிகரின் மூக்கு என்று பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். உயர்ந்த ரக ஓவியத் தாள் வாங்க முடியாதவர் அல்லர். கணக்கு நோட்டில் வரைந்தால் படம் தப்பாகப் போனாலும் பயமில்லை, அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்பதாக இருக்கலாம். அல்லது அந்தச் சிவப்பே பிடித்திருக்கலாம்.

சாகித்திய அகாதமி விருதுக்குத் தருகிற பட்டயத்தை வடிவமைத்தவரும் ராய்தான். விருது பெற்ற தமிழ் எழுத்தாளர்களின் வீட்டில் அது மாட்டியிருக்கும். கேடயங்களுக்கும் பொன்னாடைப் புகைப்படங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, யார் செய்தது என்று யாரும் கேட்காமல்.

நாற்பது வயதுக்கு மேல், தாம் எழுதிய ‘ஃபெலுதா’ துப்பறியும் கதைகளுக்கும் மற்றவற்றுக்கும் அவர் வரைந்த படங்கள் சுத்தமானவை, தெளிவானவை. ஆனால் அங்கே படம் கதைக்குத் துணையாக நடந்து வருகிறது, அவ்வளவே. இளவயது அட்டைகளின் துடுக்கு பின்னாளில் எங்கே தங்கியது என்று பார்த்தால், ‘ஏக்ஷண்’ என்ற இலக்கியப் பத்திரிகையின் அட்டைகளில். 1961இல் நடிகர் சௌமித்ர சட்டர்ஜியும் நிர்மால்ய ஆச்சார்யாவும் தொடங்கிய பத்திரிகை. பெயருக்கு வங்க மொழியில் மூன்றே எழுத்து. நடுவில் உள்ளது முடிச்சுப் போட்ட கூட்டெழுத்து. ராய் அந்த மூன்றையும் இதழுக்கு இதழ் புதிதாக எழுதினார். எழுத்தே படம், வேறு படம் தேவையில்லை. தடித்து, மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடம் மாறி, பக்கத்தை அடைத்துக்கொண்டு, மூலையில் ஒதுங்கி. வங்க எழுத்துத் தெரியாதவர் இரண்டு இதழ்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பத்திரிகைகள் என்றே நினைப்பார். பெயரின் வடிவத்தை மட்டும் மாற்றாதே, வாங்குகிறவர் தேடிக் களைத்துப் போவார் என்பது விளம்பரத் தொழிலின் அரிச்சுவடி. அந்தத் தொழிலில் பதின்மூன்று வருஷம் இருந்தவருக்கு அது தெரியாதா என்ன?