பவுலாயிருந்து சவுலானவர்

நாசியரின் கொடுமைக்குத் தப்பிய யூதப் பிள்ளைகளின் வரலாறுகளை நம் சபைகளில் பெரும்பாலும் ஒரே விதமாகவே வாசித்து வருகிறோம். ஒரு கிறிஸ்தவக் குடும்பமோ மடமோ கதவைத் திறந்தது, பிள்ளை பிழைத்தது, கிறிஸ்துவின் அன்புக்கு இஃதொரு சாட்சி என்று முடித்துவிடுகிறோம். அவ்வாறு எளிதில் முடிக்கவிடாத நூலொன்றை இங்கு ஆராய விழைகிறோம். சவுல் பிரீட்லாண்டர் பிரெஞ்சு மொழியில் எழுதி 1978இல் வெளியிட்ட தன்வரலாறு அது. ‘நினைவு வரும்போது’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

ஆசிரியர் 1932இல் பிராகு நகரில், ஜெர்மன் பேசிய, யூத சமய ஒழுங்குகளில் ஈடுபாடு குன்றிய குடும்பமொன்றில் பிறந்தார். அன்று அவர் பெயர் பாவெல். 1939இல் குடும்பம் பிரான்சுக்குத் தப்பியோடியபோது பாவெல் ‘போல்’ ஆனான். இரண்டுமே நம் பவுல்தான். 1942இல் யூதரைப் பிடிக்கும் வேட்டை மும்முரமாகவே, பெற்றோர் மகனை மோன்லூசோன் நகரில் கன்னியர் நடத்திய கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் ஒளித்து வைத்தனர். அங்கே திருமுழுக்கும் ‘போல் ஆன்றி ஃபெர்லான்’ என்ற பெயரும் அவனுக்குக் கிடைத்தன. சுவிட்சர்லாந்து எல்லையைக் கடக்க முயன்ற பெற்றோர் திருப்பியனுப்பப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் ஆஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிறு பிள்ளைகளோடு வந்தவர்களைச் சுவிஸ் காவலர் அந்நாள்களில் உள்ளே விட்டனர். பிள்ளையைக் காப்பதற்கென்று விட்டுச் சென்றதே பெற்றோருக்குக் கேடாயிற்று.

விடுதியிலிருந்து ஓடிப்போன பத்து வயதுச் சிறுவன் தந்தை படுத்திருந்த மருத்துவமனையைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறான்; ஆயினும் திருப்பியனுப்பப்படுகிறான். ஆசிரியர் இதை ஒரு கண்ணீர்ச் சொல்லுமின்றிச் சில வரிகளில் கூறிவிடுகிறார். நூல் முழுவதிலும் இதைப்போல் நம்மை உலுக்கிய பகுதி வேறில்லை.

பின்னர் அச்சிறுவன் உண்மையாகவே பக்தனாகிறான். மரியன்னையின் சிலை முன் முழந்தாளிடும்போது இழந்த தாயின் அண்மையை உணர்கிறான். இயேசு சபைக் குருவாகும் விருப்பமும் பிறக்கிறது. இதைப் போலிப் பக்தி என்று ஆசிரியர் தள்ளவில்லை, கன்னியரைப் பழிக்கவுமில்லை. ஆனால் அந்தத் திருமுழுக்கைக் கொடை என்பதா, உயிருக்குக் கொடுத்த விலை என்பதா? பெற்றோர் இணங்கினர் என்று வாதிடுவோருக்கு நாம் சொல்வது ஒன்றே: மறுக்க வழியில்லாதவரின் இணக்கத்தை இணக்கம் என்று எந்த இறையியலாலும் நிறுவ முடியாது. பெற்றோரை ஆஷ்விட்சில் இழந்த பினாலி சகோதரர் இருவருக்கு 1948இல், போர் முடிந்து மூன்றாண்டு கழிந்த பின்னரும், திருமுழுக்குக் கொடுத்து, உறவினரிடம் ஒப்படைக்காமல் 1953 வரை மறைத்து வைத்த வரலாற்றையும் இங்கு நினைக்கவேண்டும்.

1946இல் இயேசு சபைக் குரு ஒருவர், அச்சபையில் சேரும் எண்ணத்தோடு வந்த சிறுவனிடம், அவன் பெற்றோர் எங்கே, எவ்வாறு மாண்டனர் என்பதை மறைக்காமல் எடுத்துரைத்தார். யூதருக்கு எதிரான பகைமையின் வரலாற்றையும் விளக்கினார். வாய்மூடி இருந்திருந்தால் அவருடைய சபைக்கு ஒரு குரு கிடைத்திருப்பான். நம் எண்ணத்தில், நூலில் வரும் கிறிஸ்தவருள் நற்செய்திக்கு மிக நெருங்கி நின்றவர் இவரே. உயிரைக் காத்தவர்கள் பலர். பிள்ளையை அவனுக்கே திருப்பிக் கொடுத்தவர் இவர் ஒருவர். சிறுவன் தன் குடிப்பெயரை மீட்டுக்கொண்டான். 1948இல் ‘அல்டலேனா’ என்ற கப்பலேறி இஸ்ரவேலுக்குப் போய் ‘ஷாவுல்’ ஆனான்.

தமஸ்கு வழியில் சவுல் பவுலானார் என்று நம் பிரசங்க பீடங்களில் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இந்தத் தலைகீழ்ப் பயணம் கசக்கக்கூடும். ஆனால் திருமறை அப்படிச் சொல்லவில்லையே! தமஸ்குவுக்குப் பின்னும் அவர் சவுல் என்றே அழைக்கப்படுகிறார். சீப்புரு தீவில்தான், அப்போஸ்தலர் 13:9இல், இரு பெயர்களும் ஒருவருக்கே உரியவை என்று அறிகிறோம். எபிரேயப் பெயரைத் துறந்தால்தான் கிறிஸ்துவை அடையலாம் என்பது பவுலின் போதனையன்று, நாம் சேர்த்தது.

நூலில் குறையும் உண்டு. 1977ஆம் ஆண்டு எருசலேம் நாட்குறிப்புகள் இளமை நினைவுகளினிடையே செருகப்பட்டுள்ளன. சாதாத் வருகை போன்ற அந்நாளைய அரசியலை அறியாதவர் சில பக்கங்களில் இடறுவர். ஆயினும் அம்முறையே நூலின் நேர்மை என்று இரண்டாம் வாசிப்பில் ஒப்புக்கொண்டோம்: கட்டி முடித்த வாழ்வினுள் பழைய நினைவு அப்படித்தான், அழைக்காத வேளையில், நுழைகிறது. வரலாற்றாசிரியராகிய அவர் பின்னாளில், 1997இலும் 2007இலும், நாசிய ஜெர்மனியும் யூதரும் பற்றி எழுதிய இரு பெருந்தொகுதிகளிலும், மாண்டவர்களின் நாட்குறிப்புகளை அதேபோல் இடையிடையே பேச விட்டார். இரண்டாம் தொகுதி 2008இல் புலிட்சர் பரிசு பெற்றது.

‘சவுல்’ என்று அட்டையில் உள்ள பெயரை ஆசிரியர் எழுதும் எழுத்துக்கூட்டு பிரெஞ்சு வழக்கின்படி அமைந்ததன்று. பிரெஞ்சு கேட்கும் சவுலுக்கும் தாம் முன்பு இருந்த போலுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம் அது என்று அவரே விளக்குகிறார்.