பெயர் எழுதா நெசவு

பாரசீகக் கம்பளங்களுள் உலகப் புகழ் பெற்றது, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்டபில் கம்பளம். 1539-40ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கம்பளத்தில் காஷான் நகரத்து மக்சூத் என்னும் பெயர் நெய்யப்பெற்றுள்ளது. ஆயின், சாக்ரோஸ் மலைச்சாரலில் ஆடு மேய்த்து வாழ்ந்த கஷ்காய், பக்தியாரிக் குடிப்பெண்கள் நெய்த பழங்கம்பளங்களில் பெரும்பாலும் பெயரே இல்லை. பெயரின்மை கருதி அவற்றை வெறுங்கைவினை என ஒதுக்குவது திறனாய்வு ஆகுமா?

அப்பெண்கள் நிலத்தில் முளையடித்துக் கிடைத்தறி அமைத்தனர். கூட்டம் இடம்பெயர்கையில் தறியைச் சுருட்டி எடுத்துச் சென்றனர். தாய் கற்பித்த கோலங்களை வரைபடமின்றி நினைவிலிருந்தே முடிச்சிட்டனர். மஞ்சிட்டி இனத்து வேரால் ஏற்றிய சிவப்பு, ஒரு முறை காய்ச்சிய சாயம் தீர்ந்து மறுமுறை காய்ச்சுகையில் சற்றே மாறும். அந்நிறமாற்றத்தைப் பாரசீகர் 'அப்ரஷ்' என்பர். அதனைக் குறையெனக் கொள்வோர், அரண்மனைக் கம்பளத்தின் அளவுகோலால் குடிக்கம்பளத்தை அளக்கின்றனர்.

தமிழ் மரபு இங்கே நல்வழி காட்டுகிறது. நற்றிணை 284ஆம் பாடலை யாத்தவரின் இயற்பெயர் மறைந்தது. பாட்டில் வரும் உவமையைக் கொண்டே அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப்பட்டார். படைப்பின் உள்ளிருந்தே படைத்தவரை அறியும் முறை இது. முடிச்சு, கரை, சாயம் ஆகியவற்றால் கம்பளத்தின் குடியை உணரும் ஆய்வாளரும் இதனையே செய்கின்றனர்.

பேராக் வாசகர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்ட லயங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய பெண்களும் தம் பெயரை எழுதிவைத்தாரல்லர். ரேசா ஷா ஆட்சி நாடோடிகளை வலிந்து ஓரிடத்தில் குடியமர்த்தியபோது அவர்தம் நெசவு வாழ்வு குலைந்தது. தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறியபோது லயத்துப் பாடல்களும் கேட்பாரற்றுப் போயின. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலத்திற்கு அது துணை நின்றது. பாட்டிற்குத் துணை நிற்க வேண்டியவர் தமிழாசிரியரும் மாணவருமே.

ஃபார்ஸ் வட்டாரக் கம்பள நெசவுத்திறனை யுனெஸ்கோ 2010இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தோட்டப் பாடல்களுக்கு முதலில் வேண்டுவது ஒரு குறிப்பேடு. பாடும் முதியவளின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றை மாணவர் இன்றே அதில் எழுதிக்கொள்வாராயின், பின்வரும் தலைமுறை உவமையைக் கொண்டு பெயர் தேட வேண்டியதில்லை.