படிகக் கலனும் கணினிக் கணக்கும்

சூடான கரைசலைக் குளிர்வித்துப் படிகம் எடுப்பது மருந்து, ரசாயன ஆலைகளில் அன்றாட வேலை. 100 கிராம் நீரில் 60 டிகிரி செல்சியஸில் சுமார் 110 கிராம் கரையும் பொட்டாசியம் நைட்ரேட், 20 டிகிரியில் 32 கிராம்தான் கரையும். மிச்சம் படிகமாகும். அது மணிமணியாக வருமா, வடிகட்டியை அடைக்கும் பொடியாக வருமா என்பது பெரிதும் குளிர்விக்கும் விதத்தைப் பொறுத்தது. குளிர்நீரை முழுதாகத் திறந்துவிட்டால் தொடக்கத்திலேயே வெப்பநிலை சரிந்து, படிகக் கருக்கள் கூட்டமாகப் பிறந்துவிடும்.

இதைத் தவிர்க்க, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் குளிர்விக்கும் திட்டத்தை 1971இல் ஆய்வாளர்கள் முல்லினும் நிவல்ட்டும் முன்வைத்தார்கள். அதன் முப்படி வடிவத்தில், 60இலிருந்து 20க்கு நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டுமானால், முதல் இரண்டு மணி நேரத்தில் 5 டிகிரியே குறையும். கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் 23 டிகிரி குறைய வேண்டும். கலனுக்கும் குளிர்நீருக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு மிகவும் சுருங்கியிருப்பதும் அப்போதுதான்.

கலனின் போக்கைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் டைனமிக் சிமுலேஷனின் பலம் இங்கே தெரிகிறது. கலனைச் சுற்றியுள்ள ஜாக்கெட், வால்வு, குளிர்நீர், படிகமாகும்போது வெளிப்படும் வெப்பம் ஆகியவை நொடிக்கு நொடி மாறுவதை அது கணக்கிடுகிறது. வால்வு முழுதும் திறந்த பின் அதை இயக்கும் கன்ட்ரோலருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். ஒரு லிட்டர் கலனை அதே வடிவில் ஆயிரம் லிட்டராக்கினால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்விக்கும் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடும். ஆய்வகத்தில் ஓடிய குளிர்விப்புத் திட்டம் ஆலையில் ஏன் தடுமாறுகிறது என்பது சரக்கு வீணாகாமலே புரிந்துவிடும்.

பலவீனம் படிகத்தின் பக்கம் இருக்கிறது. கருவாகும் வேகத்துக்கான மாறிலிகள் பெரும்பாலும் சிறு கலன்களில் அளக்கப்பட்டவை. பெரிய கலக்கியில் மோதிச் சிதறும் துகள்களும், கரைசலின் மாசுகளும் அவற்றைப் பொய்யாக்கும். சுவரில் படியும் படிக அடுக்கு, நம்பகமான வெப்பக் கணக்கையும் கெடுக்கும். 1998இல் ரிட்டோனவிர் மருந்தில் எதிர்பாராத புதிய படிக வடிவம் தோன்றி, கேப்சூல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. கணினி மாதிரிக்குள் எழுதப்படாத வடிவத்தை எந்த மாதிரியும் முன்னறிவிக்காது.

இன்னொரு மயக்கமும் உண்டு. படிகத்தை வளர்ப்பது, கரையக்கூடிய அளவைவிட அதிகமாகக் கரைந்திருக்கும் அதிதெவிட்டிய நிலை; வெப்பநிலை அதற்கான கைப்பிடி மட்டுமே. திரையில் வெப்பநிலைக் கோடு பிசகாமல் ஓடினாலும் படிகம் கெடலாம்.

எனவே கன்ட்ரோலரைச் சீரமைக்கவும் குளிர்விப்புத் திறனின் எல்லையை அறியவும் சிமுலேஷனை நம்பலாம். படிக அளவைப் பற்றி அது சொல்வதைக் கருதுகோளாக மட்டுமே கொள்ள வேண்டும். விதைப் படிகமும் கரைசல் செறிவின் நேரடி அளவீடும் இல்லாமல் அதை ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாது.