ஆளில்லா வீடுகள்: யுத்த வீடியோ கேம்கள் பற்றிய ஒரு வாசிப்பு

'கோல் ஒஃப் டியூட்டி' என்ற துவக்குச் சூட்டு விளையாட்டுத் தொடருக்கு எதிராக முஸ்லிம்களிடமிருந்து எழுந்த ஆட்சேபங்களில் இரண்டு, அதை வெளியிடும் அக்டிவிஷன் கம்பனியைப் பணிய வைத்தன. 2009இல் வந்த 'மொடர்ன் வோர்ஃபேர் 2'இல் பிரேசில் நாட்டுச் சேரி ஒன்று ஆட்டக்களமாக வருகிறது. அங்கே ஒரு குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த படச் சட்டத்தில், அல்லாஹ்வின் அழகு பற்றிய ஹதீஸ் எழுதப்பட்டிருந்தது. 2012இல் முறைப்பாடு போனதும் அந்தக் களத்தையே எடுத்துவிட்டுத் திருத்தினார்கள். அடுத்தது 2021 நவம்பரில். 'வான்கார்ட்' விளையாட்டில் அல்குர்ஆன் பக்கங்கள் இரத்தக் கறையோடு தரையில் கிடந்தன. கம்பனி அரபு மொழியில் மன்னிப்புக் கேட்டு அவற்றை அகற்றியது.

இரண்டும் நியாயமான ஆட்சேபங்கள். கேட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் திருத்தப்பட்டது சுவரும் தரையும்தான். அந்தச் சுவரும் தரையும் யாருடைய வீட்டுக்கு உரியவை, வீட்டுக்காரர் எங்கே போனார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் வீடியோ கேம் என்று வாயெடுத்தால் கதை மூன்று திசையில்தான் போகும். ஹராமா ஹலாலா என்பது ஒன்று. அதை மௌலவிமாரிடம் விடுகிறேன். பிள்ளையள் படிப்பை விட்டுப் போனோடு கிடக்கிறார்கள் என்பது இன்னொன்று. உண்மைதான், ஆனால் அது கிரிக்கெட்டுக்கும் பொருந்தும். மூன்றாவது, முஸ்லிமைப் பயங்கரவாதியாகக் காட்டுகிறார்கள் என்பது. இதற்கு நிறையவே ஆதாரம் உண்டு. 'மொடர்ன் வோர்ஃபேர் 2'இன் கராச்சித் தெருவில் பெயர்ப்பலகைகள் உருதுவில் இல்லை, அரபில் இருக்கின்றன. ஒரு கோடியைத் தாண்டிய சனத்தொகையுள்ள நகரத்தில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று பார்க்கக்கூட அவர்களுக்கு அலுப்பு. இதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் விரிக்கவில்லை.

இந்த வகை விளையாட்டின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் இலக்கணச் சொல்லால் பெயர்த்தால் 'தன்மைச் சூட்டாட்டம்' என்று வரும். கதாசிரியன் 'நான்' என்று கதை சொல்வதுபோல, இங்கே கமெராதான் என் கண். திரையின் கீழ்மூலையில் தெரிகிற கையும் துவக்கும் என்னுடையவை. எதிரே ஓடி வருபவன் படர்க்கை. முன்னிலை என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. மேலதிகாரி வோக்கியில் என்னைக் கூப்பிட்டுக் கட்டளையிடுவார், ஆனால் நான் யாரையும் 'நீங்கள்' என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட அங்கே ஆள் இல்லை.

தொடரின் போக்கை மாற்றியது 2007 நவம்பரில் வந்த நான்காம் விளையாட்டு, 'மொடர்ன் வோர்ஃபேர்'. அதன் தொடக்கக் காட்சியைக் கவனியுங்கள். பெயர் சொல்லப்படாத ஒரு மத்திய கிழக்கு நாடு. பதவி கவிழ்க்கப்பட்ட ஜனாதிபதியைச் சுட்டுக் கொல்வதற்காகக் காரில் கொண்டு போகிறார்கள். அவருடைய கண்தான் எங்கள் கண். கார் யன்னலால் சனங்களைக் காண்கிறோம்: ஓடுகிறார்கள், பிடிபடுகிறார்கள், சுவரோடு நிறுத்தப்படுகிறார்கள். நல்ல காட்சி, ஒரு சிறுகதையின் முதல் பத்திபோல இறுக்கமாக அமைந்தது. பிறகு அதே நாட்டில் நாங்கள் துவக்கோடு இறங்குகிறோம். தெருவில் அந்தச் சனம் இல்லை. வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்குள் கதிரை மேசை இருக்கிறது, கதவை உதைத்தால் உள்ளே சுடுபவன் மட்டும் இருக்கிறான். சுடாத ஒருவரும் அந்த ஊரில் வசிக்கவில்லை.

பின்னால் ஓர் அணுகுண்டு வெடிக்கிறது. அதன்பின் ஓர் அமெரிக்கச் சிப்பாயாக நாங்கள் தவழ்ந்து போய்ச் சாகிறோம். வீடியோ கேம் வரலாற்றில் துணிச்சலான காட்சி என்று இதைச் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நகரம் முழுதும் எரிந்தது அந்த ஒரு சிப்பாயின் மரணத்துக்குப் பின்னணியாகத்தான்.

தமிழ்ப் போர்க் கவிதை இதைவிடச் சாந்தமானது என்று சொல்ல வரவில்லை. பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டு எரிப்பதைப் பாட 'மழபுலவஞ்சி' என்று துறையே வகுத்து வைத்திருக்கிறோம். எங்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துப் படைப்போர்களிலும் வீரம் அளவுக்கு மிஞ்சித்தான் பொங்கும். என்றாலும் படைப்போரில் எதிர்த்து வரும் அரசனுக்குப் பெயர் உண்டு, நாடு உண்டு. புறத்திணையில் வாகையோடு காஞ்சியும் இருக்கிறது, கையறுநிலை இருக்கிறது. பறம்பை இழந்த பாரி மகளிரின் பாட்டை, வென்றவர்களைப் புகழும் பாட்டுகளோடு ஒரே தொகைக்குள் வைக்கத் தொகுத்தவருக்கு மனம் இருந்தது. இந்த விளையாட்டு உழிஞையிலிருந்து நேரே வாகைக்குத் தாவுகிறது.

அதே 2007 விளையாட்டில் வேறொரு கட்டம். ஏசி-130 விமானத்தில் பீரங்கிக்காரனாக உட்கார்ந்திருக்கிறோம். கீழே எல்லாம் கறுப்பு வெள்ளை. மனிதர்கள் வெளிச்சப் புள்ளிகள். அங்கிருக்கும் தேவாலயத்தைச் சுட வேண்டாம் என்று கட்டளை வருகிறது. கட்டடத்துக்கு ஒரு விதியாவது இருக்கிறது. இந்தக் காட்சியை வன்னியில் வளர்ந்த ஒருவர் பார்ப்பதும் வேறெங்கோ இருக்கும் ஒருவர் பார்ப்பதும் ஒன்றல்ல. வன்னிச் சனம் வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்திருந்தது. வண்டு இரைந்தால் பின்னால் ஷெல்லோ கிபிரோ வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். 2009 ஏப்ரல் 20இல் புதுமாத்தளனில் மண் அணை உடைக்கப்பட்டு சனம் திரளாக வெளியேறியதை மேலிருந்து எடுத்த படத்தை அரசு தொலைக்காட்சிகளுக்குக் கொடுத்தது. கொழும்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் புள்ளிகள். எங்கள் வகுப்பில் இன்றைக்கு இருக்கும் சில பிள்ளைகளின் தாய் தகப்பன் அந்தப் புள்ளிகளுக்குள் இருந்தவர்கள். விளையாட்டில் விளையாடுபவர் வைக்கும் 'கிளைமோர்' என்ற சொல்லைக்கூட எங்கள் பக்கத்தில் விளையாட்டுச் சொல்லாகக் கேட்க முடியாது.

அந்த ஏப்ரலில்தான் 'சிக்ஸ் டேய்ஸ் இன் பலூஜா' என்ற விளையாட்டு முதல் முறை அறிவிக்கப்பட்டது. 2004 நவம்பரில் ஈராக்கின் பலூஜா நகரத்தில் அமெரிக்கப் படை நடத்திய தாக்குதலே அதன் கதை. எதிர்ப்பு எழுந்ததும் கொனாமி கம்பனி அந்த மாதமே பின்வாங்கியது. 2021இல் வேறு கம்பனிகள் அதைத் தூசு தட்டி எடுத்தன. அமெரிக்க முஸ்லிம் அமைப்பான கெயார், இதை விற்காதீர்கள் என்று மைக்ரோசொஃப்ட், சோனி போன்ற கம்பனிகளைக் கேட்டது. 2023 ஜூனில் முழுமை பெறாத வடிவில் விற்பனைக்கு வந்தது.

பலூஜா, பள்ளிவாசல்களின் நகரம் என்று பெயர் பெற்ற ஊர். தாக்குதலுக்கு முன் பெரும்பாலான சனம் வெளியேறியிருந்தது. போரிடும் வயதுள்ள ஆண்களை வெளியேற விடாமல் படையினர் திருப்பி அனுப்பினார்கள். வெண் பொஸ்பரசைப் போராளிகளுக்கு எதிரான ஆயுதமாகப் பாவித்ததை ஒரு வருடம் கழித்து அமெரிக்கா ஒப்புக்கொண்டது.

இந்த விளையாட்டின் விசேஷமாகக் கம்பனி சொல்வது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் தொடங்கும்போதும் வீடுகளின் அமைப்பு மாறிவிடும். நேற்று வலப்பக்கம் இருந்த அறை இன்று இடப்பக்கம். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று சிப்பாய்க்குத் தெரியாது, அந்தத் தெரியாமையை விளையாடுபவரும் உணர வேண்டும் என்பது விளக்கம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் கெட்டித்தனம். விளையாடியபோது எனக்கும் நெஞ்சு அடித்தது (நான் சுடும் சீரைப் பார்த்து வீட்டில் பிள்ளைகள் சிரித்தது வேறு கதை). ஆனால் தெரியாமை உதைப்பவனுக்கு உரியது. வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். எந்தப் படி உடைந்தது, எந்தக் கதவு மழைக்கு இறுகும், உம்மா தொழுகிற மூலை எது. இருட்டிலும் நடந்து போவார். அவருக்குத் தெரிந்த அந்த வீட்டை ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைத்துக் குலுக்கிவிட்டு, இதுதான் யதார்த்தம் என்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமான சனம். முல்லைத்தீவிலிருந்து போய்ப் புத்தளத்தில் இருபது வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்த ஒருவரிடம் ஊரைப் பற்றிக் கேளுங்கள். அரசியல் பிறகுதான் வரும். முதலில் கிணறு எந்தப் பக்கம், அடுப்படிக்கு எத்தனை யன்னல் என்று கையால் காற்றில் கீறிக் காட்டுவார். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவில்லை, நிலையும் கழற்றப்பட்டிருந்தது. 2008, 2009இல் வன்னித் தமிழ்ச் சனத்துக்கும் இதே கதை வந்தது. வீடு காலியாக இருப்பதை யுத்தத்தின் மேடை ஒழுங்கு என்று நாங்கள் நினைக்க மாட்டோம். எங்களுக்கு அதுதான் யுத்தம்.

ஸூறா அந்நூரின் 27ஆம் வசனம், அனுமதி கேட்டு வீட்டாருக்கு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டாம் என்கிறது. இது மத்ரஸாப் பிள்ளைக்கும் பாடம். 28ஆம் வசனத்தை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. உள்ளே எவரையும் காணாவிட்டாலும் அனுமதி கிடைக்கும்வரை நுழையக் கூடாது என்பது அதன் கருத்து. ஆளில்லாத வீட்டுக்கும் ஆள் உண்டு. ஸலாம் என்பதே முன்னிலைப் பேச்சுத்தான். தரையில் கிடந்த அல்குர்ஆன் பக்கத்துக்காகக் குரல் கொடுத்த நாங்கள், அந்தப் பக்கம் கிடந்த வீட்டுக்காக இந்த வசனத்தை எடுத்துப் பேசியிருக்கலாம்.

வீட்டுக்குள் மனிதர்களை வைத்த விளையாட்டுகள் இல்லாமல் இல்லை. 2019இல் வந்த புதிய 'மொடர்ன் வோர்ஃபேர்'இல் இரவில் லண்டன் வீடொன்றுக்குள் நுழையும் கட்டம் உண்டு. பெண்கள் இருக்கிறார்கள், தொட்டிலில் பிள்ளை இருக்கிறது. யாருடைய கையில் என்ன என்று ஒரு கணத்தில் பார்த்துத்தான் சுட வேண்டும். இந்த வகையில் நான் விளையாடியவற்றுள் மிகச் சிறந்த கட்டம் அதுதான். வீடு லண்டனுக்கு வந்ததும் ஆட்களும் வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே விளையாட்டில் 'மரண நெடுஞ்சாலை' என்று ஓரிடம் வருகிறது. தப்பி ஓடியவர்கள்மீது குண்டு போட்டது ரஷ்யர் என்கிறார்கள். அந்தப் பெயரை உலகம் அறிந்தது 1991 பெப்ரவரியில், குவைத்திலிருந்து பஸ்ரா போகும் பாதையில், அமெரிக்கா தலைமையிலான விமானங்கள் குண்டு போட்டபோது. சம்பவத்தை வைத்துக்கொண்டு செய்தவரின் பெயரை மட்டும் மாற்றுகிற வேலை எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல.

அரபு உலகிலிருந்து பதிலும் வந்தது. 2005இல் திமிஷ்கின் அஃப்கார் மீடியா, பலஸ்தீனக் குடும்பமொன்றை வைத்து 'தஹ்தல் ஹிஸார்' என்ற விளையாட்டைச் செய்தது. பொதுமக்களைச் சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று விதி வைத்தார்கள். மதிக்க வேண்டிய விதி. ஆனாலும் துவக்கு கை மாறியதே தவிர வடிவம் மாறவில்லை.

வடிவத்தை மாற்றியது போலந்துக்காரர். 2014இல் வந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்', சரஜேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இங்கே நாங்கள் சிப்பாயில்லை, இடிந்த வீட்டுக்குள் இருக்கும் சனம். விறகு, மருந்து, சாப்பாடு, இரவில் யார் காவல் இருப்பது, இதுதான் ஆட்டம். 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. எங்கள் கல்வி அமைச்சிடம் அப்படியொன்றை எதிர்பார்க்கும் அளவுக்கு நான் வெகுளியில்லை.

சென்ற வருடம் தரம் 11 பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன்: நீங்கள் விளையாடும் கேமில் உடைத்துப் போகும் வீட்டின் சொந்தக்காரர் நீங்கள், எழுதுங்கள். பாதிப் பேர் வீட்டுக்காரனுக்கும் ஒரு துவக்கைக் கொடுத்துச் சண்டை பிடிக்க விட்டார்கள். ஒரு பொடியன் மட்டும் இடம்பெயரும் நாளை எழுதியிருந்தான். கூரைத் தகரத்தை முதலில் கழற்றுவதா, கிணற்று மோட்டரை முதலில் கழற்றுவதா என்று தகப்பனும் பெரியப்பாவும் வாக்குவாதப்படுகிறார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் இடம் கொஞ்சந்தான். இரண்டு பக்கத்துக்கும் அந்த வாக்குவாதமே. பத்துக்கு மேல் எழுத்துப்பிழை. 'தகரம்' என்பதை மட்டும் எல்லா இடத்திலும் சரியாக எழுதியிருந்தான்.