திசை மறுக்கப்பட்ட இமாம்

படையில் பணியாற்றியும் ஆயுதம் ஏந்தாத அலுவலர் ஒருவர் அமெரிக்க இராணுவத்தில் உண்டு. அவரே சமயகுரு. சிலுவை முத்திரை அணிந்த போதகர்களோடு, பிறை முத்திரை அணிந்த முதல் இமாம் 1993இல்தான் அங்குச் சேர்ந்தார். தம் சமயத்தார்க்குத் தாமே வழிபாடு நடத்துவதும், பிற சமயத்தார்க்கு அவரவர் வழிபாடு கிடைக்கச் செய்வதும் சமயகுருவின் கடமையாகும். போதகர் முஸ்லிம் வீரனின் தொழுகைக்கு இடம் தேட வேண்டும். இமாம் கிறிஸ்தவ வீரனுக்குப் போதகரை அழைத்துத் தர வேண்டும். மேடைச் சமய உரையாடலினும் இது மேலானது என்பது நம் கருத்து. இங்கே ஒருவர் மற்றவரின் கொள்கையை ஏற்க வேண்டியதில்லை. அவருடைய வழிபாட்டைக் காத்தால் போதும்.

இந்த அளவுகோலைக் கொண்டே, துணையெழுத்தாளர் ஒருவருடன் ஜேம்ஸ் யீ எழுதி 2005இல் வெளியிட்ட 'இறைவனுக்காகவும் நாட்டுக்காகவும்' என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை அணுகுகின்றோம். சீன வழித்தோன்றலான யீ, லூத்தரன் கிறிஸ்தவராய் வளர்ந்தவர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் 1990இல் பட்டம் பெற்றவர். மறு ஆண்டு இஸ்லாத்தைத் தழுவி, பின்னர் டமாஸ்கஸ் சென்று மார்க்கக் கல்வி பயின்றவர். 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின், இஸ்லாத்தைப் பற்றி விளக்கமளிக்க அடிக்கடி அழைக்கப்பட்டவர். 2002 இறுதியில் குவாண்டனாமோ சிறைமுகாமின் இமாமானார்.

2003 செப்டம்பர் 10ஆம் நாள் அவரே கைதானார். ஒற்றறிந்தார், பகைவர்க்குத் துணைபோனார் என்றெல்லாம் ஐயுற்றனர். 76 நாள் தனிமைச் சிறை! 2004 மார்ச்சில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. மறு ஆண்டு நன்மதிப்போடு விடைபெற்றார்.

குவாண்டனாமோ கைதிகளின் அறைகளில் மக்காவின் திசையை அம்புக்குறி காட்டிற்று. அவர்களுக்கு இமாமாக இருந்தவர்க்கோ, தம் சிறையில் தொழும் திசையும் நேரமும் சொல்லப்படவில்லை. இவ்வாறு அவருடைய வழக்கறிஞர் அதிபருக்கு எழுதிய மடலில் முறையிட்டார். இஸ்லாத்தை விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு. முஸ்லிமை நம்புவது வேறு. முன்னது எளிது, பின்னதே உரையாடலின் உரைகல் என்பதை இவ்வரலாறு நெஞ்சில் பதிக்கின்றது.

குறையும் ஒன்று உண்டு. முகாம், சிறை, வழக்கு ஆகியவையே நூலின் பெரும்பகுதியை நிறைக்கின்றன. கிறிஸ்தவ இல்லத்தில் வளர்ந்து இமாமானவர், இரு சமயத்தாரின் உள்ளத்தையும் அறிந்தவர். உடன் பணியாற்றிய போதகர்களோடு கொண்ட உறவை அவர் இன்னும் விரித்து எழுதியிருக்கலாம் என்றே நாம் எண்ணுகின்றோம்.

நம் இல்லத்து இளைஞர்கள் இந்நூலைப் படிக்கட்டும். ஒரு நாட்டைத் தூற்றுவதற்கன்று. பிறர் வழிபாட்டைக் காக்கும் கடமை நமக்கும் உண்டென உணர்வதற்கே. துறவியர் மடங்களையும் கிறிஸ்தவ, யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும், காக்கப்பட வேண்டியவையாக ஒரே வசனத்தில் சேர்த்துக் கூறுகின்றதன்றோ நம் திருமறையின் அல்ஹஜ் அத்தியாயம்!