வணங்கினால் போதுமா?

லா.ச.ரா. என்ற பெயரில் முதல் எழுத்து ஓர் ஊர். இரண்டாவது எழுத்து அந்த ஊர் ஸ்வாமி. லால்குடிக்குத் திருத்தவத்துறை என்று பழைய பெயர். ஏழு ரிஷிகள் வழிபட்ட தலம் என்பது ஐதிகம். அதனால் ஸ்வாமி சப்தரிஷீசுவரர். ராமாமிர்தத்தின் தகப்பனார் பெயரும் சப்தரிஷிதான். அம்பாள் பெருந்திருப் பிராட்டி. 1916-ல் அவர் பிறந்தது பெங்களூரில்; வங்கி உத்தியோகமும் வாழ்வும் வேறு ஊர்களில்; 2007-ல் காலமானது சென்னையில். ஆனாலும் லால்குடியைப் பெயரிலிருந்து அவர் இறக்கி வைக்கவில்லை. எழுத்திலிருந்தும் இறக்கி வைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

என் தங்கை 'அபிதா'வைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினாள். "ஏன் அண்ணா, இவருக்குப் பெண்களைக் கண்டால் நமஸ்காரம் பண்ணத்தான் தெரியுமா? உட்காரச் சொல்லி இரண்டு வார்த்தை பேசத் தெரியாதா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. லா.ச.ரா.வைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது, பெண்ணைத் தெய்வமாகக் கண்டவர் என்பதுதான். அந்தப் புகழையே அவள் குற்றமாகத் திருப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவர் கதைகளை மறுபடியும், கொஞ்சம் சந்தேகத்தோடு, படித்துப் பார்த்தேன்.

'ஜனனி'யில் பராசக்தியே மனிதக் குழந்தையாகப் பிறக்கிறாள். உலகத்துக்கெல்லாம் தாயாக இருப்பவளுக்குத் தாய் என்று ஒருத்தி இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள வருகிறாள். தெய்வம் மனுஷியாக ஆசைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பீடத்தில் இருப்பது போதவில்லை என்று அம்பாளே சொல்வதாக எழுதியவரை, பெண்ணைப் பீடத்தில் ஏற்றி வைத்தவர் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

1965-ல் வாசகர் வட்டம் வெளியிட்ட 'புத்ர' ஒரு தாயின் சாபத்தில் பிறக்கும் நாவல். பெற்ற மகனையே அவள் சபிக்கிறாள். சொன்ன சொல் வம்சத்தில் இறங்கி வேலை செய்கிறது. நெருப்பு என்று உச்சரித்தால் நாக்கு பொசுங்க வேண்டும் என்கிற அளவுக்குச் சொல்லின் மேல் நம்பிக்கை வைத்தவர் அவர். இந்த நாவலில் அந்தச் சக்தியைக் கொண்டுபோய் ஒரு வீட்டுக் கிழவியின் வாயில் வைத்திருக்கிறார். அவளைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

'பாற்கடல்' சிறுகதை எனக்கு இன்னும் பிடித்தது. தலைதீபாவளிக்குக் கணவன் ஊரில் இல்லை. புது மருமகள் அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதம்தான் கதை. பெரிய குடும்பம், எல்லாரையும் கட்டி இழுத்துப்போகிற மாமியார், வீட்டின் மிக மூத்த கிழவி, வாழ்விழந்த ஒரு மருமகள். அமிர்தமும் விஷமும் ஒரே கடலிலிருந்து வந்தது போல, குடும்பத்திலிருந்து எல்லாமும் வருகிறது. மாமியார் இங்கே தெய்வம் மாதிரிதான்; ஆனால் அவளைப் பார்ப்பது ஒரு பெண். பக்தியோடு பார்க்கிறாள், பயத்தோடும் பார்க்கிறாள். நாளைக்கு நானும் இப்படித்தான் ஆவேனோ என்ற எண்ணத்தோடும் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கண்ணுக்கு மாமியாரின் கையும் காலும் ஓய்வில்லாத உழைப்பும் தெரிகின்றன. தெய்வம் அடுப்படியில் வேர்த்துக்கொண்டு நிற்கிறது.

இனி 'அபிதா'. 1970-ல் வந்த நாவல். சகுந்தலையை விட்டுப்போன அம்பி, பல வருஷங்கள் கழித்து மனைவி சாவித்திரியோடு கரடிமலைக்குத் திரும்புகிறான். சகுந்தலை இல்லை, அவள் மகள் இருக்கிறாள், தாயை உரித்து வைத்தாற்போல. அம்பி தன் கதையைத் தானே சொல்கிறான். அவன் சொல்வது முழுக்க ஆராதனை. பாஷை பொங்கிப் பொங்கி வழிகிறது. அபிதாவின் நடை, நிழல், கூந்தல் எல்லாம் மந்திரமாகிவிடுகின்றன. ஆனால் பக்கம் பக்கமாகத் தேடினாலும், இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவன் மெய்யாகக் கவலைப்பட்டதாக எனக்கு அகப்படவில்லை. அவன் காண்பது சக்குவை. சக்குவில் காண்பது தன் இழந்த வாலிபத்தை. அருகில் இருக்கும் சாவித்திரியைக் காண அவனுக்குக் கண்ணே இல்லை.

பெயரைப் பாருங்கள். அபிதகுசாம்பாள் என்றால் திருவண்ணாமலை உண்ணாமுலையம்மன். அந்தப் பெயரைக் குறுக்கினால் அபிதா. 'உண்ணா' என்பது மட்டும் மிஞ்சுகிறது. அம்பாளும் தாய்மையும் உதிர்ந்துவிட்டன. கிட்டாதது என்ற ஏக்கம் மட்டும் நிற்கிறது. அம்பி செய்யும் காரியமும் இதுவே. முழுப் பெண் ஒருத்தியைத் தன் ஏக்கத்தின் அளவுக்குக் குறுக்கிவிட்டு, அதைப் பக்தி என்கிறான். முடிவை நான் சொல்லப் போவதில்லை. அவன் ஆராதனையால் யாருக்கும் நன்மை விளையவில்லை என்பது மட்டும் போதும்.

ஆகவே 'அபிதா' பெண் வழிபாட்டு நாவல் அல்ல, வழிபாடு என்ற பெயரில் நடக்கும் ஓர் அபகரிப்பின் கதை என்று நான் முடிவுக்கு வந்தேன். 'பாற்கடல்' எழுதிய கைக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்க முடியாது.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அவருக்குத் தெரிந்திருக்கலாம். படிக்கிறவர்களுக்குத் தெரிகிறதா?" என்றாள். அதுவும் நியாயம்தான். அம்பியின் போதையை அவ்வளவு அழகான தமிழில் ஊட்டியதால், வாசகனும் அம்பியாகவே புத்தகத்தை மூடுகிறான். முப்பது வருஷங்களுக்கு முன் நானும் அப்படித்தான் மூடினேன். அது நாவலின் குறை என்றே சொல்வேன். அதன் கவர்ச்சியும் அங்கேதான் இருக்கிறது.

சமீபத்தில் லால்குடிக்குப் போயிருந்தேன். பெருந்திருவின் சந்நிதியில் குருக்கள் கற்பூரத்தை உயர்த்தினார். நிழல் விலகி அம்பாள் முகம் தெரிகிற நேரம் அது ஒன்றுதான். சுற்றிலும் பார்த்தேன். அநேகமாக எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்கள். ஒரு கிழவி மட்டும் கை கூப்ப மறந்து, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.