தையல் தெரியாதவர்களும் செய்யலாம்

போன டிசம்பரில் எங்கள் கல்லூரி விடுதி மாணவிகள் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஒரு விற்பனை மேசை போட்டார்கள். துணியால் செய்த நட்சத்திர உருண்டைகள். மரத்தில் தொங்கவிடலாம், வாசலில் கட்டலாம். மேசைக்கு முன்னால் ஒட்டிய அட்டையில் ‘ஊசி நூல் வேண்டாம், தையல் தெரியாதவர்களும் செய்யலாம்’ என்று எழுதியிருந்தார்கள். வந்து கேட்பவர்களுக்குச் செய்முறையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

மாணவிகளோடு உட்கார்ந்து நானும் ஒன்று செய்தேன். எனக்கு உண்மையிலேயே தையல் தெரியாது. பொத்தான் அறுந்தால் அம்மாவிடம் கொண்டுபோகிறவள் நான். ஆகவே அந்த அட்டை என்னைத்தான் கூப்பிட்டது. ஆனால் ஒரு தமிழ் ஆசிரியையாக எனக்கு அதில் ஒரு சொல் இடறிக்கொண்டே இருந்தது. நம் அகராதிகளில் தையல் என்றால் துணி தைப்பது, அலங்காரம், அழகு, பெண். சிறுவர்களுக்கு அறம் சொல்லும் ஆத்திசூடி, யாருடைய பேச்சைக் கேட்காதே என்கிறதோ அவளுக்கும் இதுதான் பெயர். வேலையும் அழகும் அதைச் செய்பவளும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். அப்படியானால் ‘தையல் வேண்டாம்’ என்று சொல்லும்போது இவற்றில் எதை வேண்டாம் என்கிறோம்?

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று அங்குலக் குறுக்களவுள்ள தெர்மாகோல் உருண்டை ஒன்று. கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்தித் துணியில் இரண்டரை அங்குலச் சதுரங்கள், இரண்டு மூன்று நிறங்களில். ஒரு சதுரத்தை விரித்தபடியே உருண்டையின் உச்சியில் வைத்து நான்கு மூலையிலும் குண்டூசி குத்த வேண்டும். அடுத்த சதுரங்களை இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பின் இரு மூலைகளையும் கீழ் விளிம்பின் நடுவுக்குக் கொண்டுவந்தால் முக்கோணம் கிடைக்கும். முதல் சுற்றில் நான்கு முக்கோணங்கள். முனைகள் உச்சியில் சந்திக்க வேண்டும். அரை அங்குலம் தள்ளி வேறு நிறத்தில் எட்டு. மறுபடி அரை அங்குலம் தள்ளி இன்னும் எட்டு. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் குண்டூசிகளை மறைத்துவிடும். உருண்டையைத் திருப்பி மறுபக்கமும் இதே. நடுவில் தெரியும் பிசிர் விளிம்பை ஒரு ரிப்பனால் மூடினால் முடிந்தது. மொத்தம் 42 துண்டுகள், நூற்றுக்கு மேல் குண்டூசிகள். எனக்கு மூன்று மணி நேரமும் ஆள்காட்டி விரலில் நாலைந்து குத்தும் ஆயின.

ஊசியில்லாமல் துணியை உருவமாக்கும் கலை புதிதில்லை. ஜப்பானின் கியோட்டோவில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து கிமேகொமி என்றொரு பொம்மை மரபு இருக்கிறது. மரத்தில் காடி வெட்டி, துணியின் விளிம்பை அந்தக் காடிக்குள் செருகிவிடுவார்கள். இன்று தெர்மாகோலில் கத்தியால் கீறித் துணியைச் செருகிச் செய்யும் கிறிஸ்துமஸ் உருண்டைக்கும் அந்தப் பெயரே வழங்குகிறது. அங்கே யாரும் அதைத் தைக்கத் தெரியாதவர்களின் வேலை என்று சொல்லி விற்கவில்லை. செருகுவது ஒரு தனித் தேர்ச்சி. குறையாக அதைச் சொல்லிக்கொள்ளப் பழகியவர்கள் நாம்தான்.

என் அம்மா தையல்காரி. பாளையங்கோட்டையில் வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டு முப்பது வருடம் தைத்தார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருமானம் வரும் பெரிய மாதம் டிசம்பர்தான். தெரு முழுக்கப் பிள்ளைகளுக்குக் கவுன், பாவாடை, ஜாக்கெட். இருபத்து நான்காம் தேதி இரவு கோயில் மணி அடிக்கும்வரை மிஷின் ஓடும். ஆராதனைக்குப் புறப்பட்டவர்கள் கொக்கி வைக்காத ஜாக்கெட்டோடு திண்ணையில் காத்து நிற்பார்கள். மறுநாள் அவர்கள் வீட்டுப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் பத்தாவது படிக்கும்போது மிஷினில் உட்கார ஆசைப்பட்டேன். அம்மா எழுப்பிவிட்டார். “நீ படிக்கிற வழியப் பாருட்டி. இதப் படிச்சா இங்கனயே உக்காந்துருவ.” என் முனைவர் பட்டம் வரைக்கும் அந்த மிஷின்தான் பணம் கட்டியது. எனக்குத் தையல் தெரியாது என்பது தற்செயலில்லை. அம்மா திட்டமிட்டு எனக்கு வாங்கித் தந்த விடுதலை அது.

ஆகவே தையலை வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் கோபம் எனக்குப் புரியும். ‘பொண்ணுக்குத் தைக்கத் தெரியுமா?’ என்பது பெண் பார்க்க வருகிறவர்களின் கேள்வியாக இருந்தது. ரோஸிகா பார்க்கர் 1984இல் எழுதிய ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ என்ற நூல் ஐரோப்பாவில் இதன் வரலாற்றைச் சொல்கிறது. தலை குனிந்து, வாய் மூடி, ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை உருவாக்குவதற்கு எம்பிராய்டரி ஒரு பயிற்சியாக இருந்தது. அதே ஊசியால் பெண்கள் தங்கள் எதிர்ப்பையும் தைத்தார்கள் என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். இரண்டும் உண்மை. நம் பெண்ணியப் பேச்சில் முதல் பாதி மட்டும் அதிகம் கேட்கிறது என்பது என் குறை. படித்து வெளியே வந்த நாங்கள் ஊசியைக் கைவிட்டதைக் கொண்டாடினோம். ஊசியைக் கைவிட முடியாதவர்களின் அறிவைப் பார்க்காமல் விட்டோம்.

வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் பேசும் நாடகம் ஒன்று, சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய ‘ட்ரைஃபிள்ஸ்’. அற்பங்கள் என்று சொல்லலாம். அயோவா மாநிலத்தில் நிருபராக அவர் செய்தி எழுதிய ஒரு கொலை வழக்கே அதற்கு அடிப்படை. பண்ணை வீட்டில் கணவன் கயிற்றால் நெரிக்கப்பட்டுக் கிடக்கிறான், மனைவி சிறையில். அதிகாரிகள் மாடியிலும் களஞ்சியத்திலும் காரணம் தேடுகிறார்கள். துணைக்கு வந்த இரண்டு பெண்கள் அடுக்களையில், பாதியில் நின்றுபோன ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைப் பார்க்கிறார்கள். அந்த அடுக்குகளை அவள் நெருக்கமாகத் தைத்து இணைக்க நினைத்தாளா, ஆங்காங்கே முடிச்சிட்டு விட நினைத்தாளா என்று பேசிக்கொள்கிறார்கள். ஆண்கள் சிரிக்கிறார்கள். ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது. எல்லாத் துண்டும் சீராக இருக்க, ஒன்றில் மட்டும் தையல் கோணலாக ஓடியிருக்கிறது. கை நடுங்கியிருக்கிறது என்று தைக்கத் தெரிந்த பெண்ணுக்குப் பார்த்ததும் தெரிகிறது. கழுத்து திருகப்பட்ட பாடும் பறவை அந்தத் தையல் பெட்டிக்குள்ளேயே கிடைக்கிறது. சட்டம் தேடிய சாட்சியத்தைப் பெண்கள் மறைத்துவிடுகிறார்கள்.

இந்த நாடகத்தைப் பல வருடமாக மௌனம், சகோதரித்துவம் என்ற சொற்களால் விளக்கி வந்தேன். உருண்டையில் குண்டூசி குத்திய இரவுதான் எளிய விஷயம் ஒன்று உறைத்தது. அந்தப் பெண்கள் துப்பறிந்தது இரக்கத்தால் மட்டும் நடக்கவில்லை. தொழில் அறிவால் நடந்தது. அறைக்குள் இருந்த ஆண்களுக்குத் தையல் தெரியாது, அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும். எனக்கும் தெரியாதென்றால் நான் அந்த அடுக்களையில் யார் பக்கம் நின்றிருப்பேன்? கோணல் தையலை என் கண் பார்த்திருக்குமா?

கைவேலையை அற்பம் என்று வைத்திருப்பதில் லாபம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் மர அலங்காரத்தின் வரலாறே அதற்குச் சாட்சி. ஜெர்மனியின் லௌஷா என்ற மலையூரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடி உருண்டைகள் வீட்டு அடுப்படியில் செய்யப்பட்டன. ஆண்கள் கண்ணாடி ஊதினார்கள். பெண்களும் பிள்ளைகளும் வெள்ளி பூசி, வண்ணம் தீட்டினார்கள். அவை கடல் கடந்து அமெரிக்கக் கடைகளில் மலிவு விலையில் குவிந்தன. நமக்கு அருகிலும் இதே கதை உண்டு. ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்குப் பின்னிய அந்தப் பெண்கள் தொழிலாளர்களாக எண்ணப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே அது பேசப்பட்டது. ஓய்வு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க வாய் வராது. ஏற்றுமதி செய்த ஆண்களே வியாபாரிகள் ஆனார்கள்.

அந்த லேஸை இங்கே கொண்டுவந்தவர்கள் மிஷனரி வீட்டுப் பெண்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கற்றுத்தந்தார். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது. தையல் ஊசி அதற்கும் தேவையில்லை. அவருடைய மகள் எலைசா இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். எலைசாவின் கணவர் பெயர் ராபர்ட் கால்டுவெல். 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைப் படிக்காமல் தமிழில் யாரும் முனைவர் ஆக முடியாது. நானும் படித்தேன், தேர்வெழுதினேன். அதே வீட்டில் பெண்களின் கையில் நடந்த இன்னொரு பாடத்தை என் பாடத்திட்டம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். விற்பனைக்கு முந்தைய நாள் மாணவிகள் விலை கேட்டார்கள். “ஐம்பது ரூபா வைங்கம்மா. துணிதானே, தையல்கூட இல்லையே” என்றேன். ஒரு பெண் மட்டும் மெதுவாக, “மேம், ஒண்ணு செய்ய மூணு மணி நேரம் ஆகுது” என்றாள். உருண்டைக்கும் குண்டூசிக்கும் ரிப்பனுக்குமே முப்பது ரூபாய் ஆகியிருந்தது. மிச்சம் இருபது. மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. அந்த மூன்று மணி நேரத்தை நானும் உட்கார்ந்து பார்த்தவள். இருந்தும் என் வாயில் அந்த வாக்கியம் வந்தது. எங்கள் திண்ணையில் நின்று, “ரெண்டு ஓரம் மடிச்சு அடிக்கத்தானே, அதுக்கா இவ்வளவு?” என்று அம்மாவிடம் பேரம் பேசியவர்களின் வாக்கியம் அது. அவர்களை நான் ஆயுளுக்கும் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார இறுதியில் நான் செய்த உருண்டையை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் செய்த முதல் காரியம், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தையல்காரர்கள் எந்தத் துணியையும் முதலில் உட்புறம் திருப்பித்தான் பார்ப்பார்கள். வேலையின் தரம் அங்கேதான் தெரியும். “இதுக்கு உள்பக்கம் எங்கட்டி?” என்றார். இல்லை என்றேன். சிரித்தார். பிறகு இரண்டாவது சுற்றில் ஒரு முக்கோணத்தைத் தொட்டு, “இது ஏன் இளிச்சிக்கிட்டு நிக்கி? இழ பாத்து வெட்டலயா?” என்றார். பாவு நூல் ஓடும் திசைக்கு நேராக வெட்டாத துணி எத்தனை முறை தேய்த்தாலும் மடிப்பில் நிற்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எங்கள் நட்சத்திரங்கள் பல கோணலாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

‘தையல் தெரியாதவர்களும் செய்யலாம்’ என்ற வாக்கியத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். செய்யலாம். ஆனால் தையல் தெரிந்த ஒருத்தி சொல்லிக்கொடுத்தால்தான் அது நேராக நிற்கும். ஊசியை எடுத்துவிட்டாலும் இழை பார்ப்பதும், அளவெடுப்பதும், எந்தத் துணி மடிப்பைப் பிடிக்கும் எது வழுக்கும் என்பதும் உள்ளே இருக்கின்றன. ஊசி இல்லை என்பதைக் காட்டி அந்த அறிவும் இல்லை என்று கணக்குப் போடும்போது விலை ஐம்பது ரூபாய் ஆகிறது.

மறுநாள் மாணவிகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்களே விலையை மாற்றினார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு சிறு சீட்டுக் கட்டினார்கள்: 42 துண்டுகள், 3 மணி நேரம், 150 ரூபாய். அதுவும் குறைவுதான். வந்தவர்களில் சிலர் சீட்டைப் படித்துவிட்டு வாங்கினார்கள். பலர் படித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். ஒரு பேராசிரியை, “இதுக்கு எதுக்கு நேரமெல்லாம் எழுதணும்? ஆசைக்குச் செஞ்சதுதானே?” என்று என்னிடம் கேட்டார். ஆசைக்கும்தான் செய்தார்கள். அம்மாவுக்கும் சில கவுன்களை ஆசையாகத் தைக்கப் பிடிக்கும்.

செய்த முப்பதில் பதினெட்டு விற்றன. மிச்சம் பன்னிரண்டும் சீட்டோடு எங்கள் துறை ஜன்னலில் தொங்குகின்றன. இந்த வருடம் விடுதிக்கு அம்மாவை அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன், துணி வெட்டக் கற்றுத்தர. விருந்தினர் உரைக்குக் கல்லூரி கொடுக்கும் தொகையை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டேன். ‘கல்வித் தகுதி’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அம்மா கேட்டார். தையல், முப்பது வருடம் என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.